ஐந்தாம் இடம்

ஆறு நாவல்கள், இருபத்தொன்பது நாள்.
ஈசாபியோர்துரில் ஏற்றிய மாவு மூட்டைக்கும்
வெங்காயச் சாக்குக்கும் நடுவே
செருகிக்கொண்டு வந்தேன்.
திரும்பிக் கரை தொடும் இரவோடு
வாக்களிக்கும் கெடு முடிகிறது.

சமையற்காரிக்கு எதற்கு இந்த வேலை என்று
கப்பலில் ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்ல பதில் வைத்திருந்தேன்:
சந்தா கட்டியிருக்கிறேன்.

முதல் நாவலில் ஒரு பேரரசர்
அறுநூறு பக்கத்தில் பதினோரு முறை விருந்துண்கிறார்.
ஒரு முறைகூட யாரும் தட்டு கழுவவில்லை.
இருபத்துநாலு பேர் தின்ற மீன்சட்டியைச்
சுரண்டிக்கொண்டே எண்ணினேன்.

இரண்டாவதை எஞ்சின் அறைக்கு அனுப்பினேன்.
நான்கு நாள் கழித்து ஸ்னைபியோர்ன் திருப்பித் தந்தான்,
அத்தியாயத்துக்கு ஒரு எண்ணெய்க் கட்டைவிரல்.
"முன்னூறு வருஷமாய் ஓடுகிற விண்கலம்,
ஒரு பேரிங்கூடத் தேயவில்லையாம்.
ஆனால் அந்தப் பெண்
செத்துப்போன தங்கையின் குரலை
ஒவ்வொரு பதிவாய் அழித்துக்கொண்டே வருகிறாளே,
அங்கே எனக்கு
என் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை."
பதினேழு வருஷத்தில்
அவன் பேசி நான் கேட்ட
மிக நீளமான பேச்சு அது.

டோபியாஷ் வரைபடங்களை மட்டும் படிப்பான்.
மூன்றாவது நாவலின் முதல் தாளை விரித்தான்.
"இந்தத் துறைமுகத்தில் ஒரு தோணி நிற்காது.
வடகாற்றுக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது."
மூடிவிட்டு வலை தைக்கப் போனான்.
டிராகன்கள் வரி கட்டுகிற நாடு அது.
வரிக்கணக்கு பைசா பிசகாமல் இருந்தது.
பாவம், துறைமுகம்தான்.

உருளைக்கிழங்கு ஒன்றைக் குத்திப் பார்த்தால்
பானை வெந்ததா தெரிந்துவிடும்.
நாவல் அப்படி இல்லை.
நான்காவது, நூறு பக்கம் வரை பச்சை,
பிறகு ஒரேயடியாய்க் குழைவு,
பிறகு, நான் கரண்டியை வைத்துவிட்ட இடத்தில்,
ஒரு கல் உப்பு.

ஐந்தாவதில் எதுவும் நடக்கவில்லை.
கடல் நின்றுபோன ஓர் உலகம்.
அலை இல்லை, ஏற்றவற்றம் இல்லை.
ஒருத்தி தினமும் கரைக்கு வந்து
ஒரு குச்சியால் தண்ணீரைக் கலக்கிவிட்டுப் போகிறாள்.
அவ்வளவுதான்.
இருநூற்று நாற்பது பக்கம்.
பேரண்ட்ஸ் கடலில், எட்டு மீட்டர் அலையில்,
சூப்புப் பானையைக் கயிற்றால் கட்டிவிட்டு
இதைப் படித்தால் கோபம் வராதா?

ஆறாவது உறைகிடங்கில் விழுந்துவிட்டது.
கடைசி நாற்பது தாளும் ஒட்டிக்கொண்டன.
அடுப்பின் மேல் காயவைத்துப் பிரித்துப் பிரித்துப் படித்தேன்.
எனக்குக் கண்ணீர் வந்தது.
முடிவு நன்றாக இருந்ததா,
தாளில் ஏறியிருந்த ரொட்டி வாசமா,
இன்றுவரை தெரியாது.

காட் மீனையும் ஹாலிபட்டையும்
ஒரே தராசில்தான் போடுகிறோம்.
தராசு எடையைச் சொல்லும்.
அதனிடம் வேறு எதையும் கேட்கக் கூடாது.

ஜூலை, நள்ளிரவும் வெளிச்சம்.
மலை இடுக்கில் நுழையும்போது
கைபேசிக்கு உயிர் வந்தது, பதினொன்று நாற்பதுக்கு.
ஆறு, இரண்டு, நான்கு, மூன்று, ஐந்து, ஒன்று.
வாசலை அடைத்துக்கொண்டு ஸ்னைபியோர்ன் நின்றான்.
"இரண்டை மேலே ஏற்று."
"உனக்கு வாக்கு இல்லை."
"பேரிங்கை மன்னித்துவிட்டேன், ஹால்பெரா."
ஏற்றினேன்.
பிறகு இறக்கினேன்.
அனுப்பிவிட்டேன்.

கப்பலைக் கட்டியாயிற்று.
தரை ஆடவில்லை.
ஒரு மாதம் ஆடிய கட்டிலில்
அசையாமல் படுத்தால் உடம்பு ஏற்கவில்லை.
பேரரசர் வரவில்லை, டிராகன் வரவில்லை,
முதலிடம் தந்த புத்தகத்தின் கதாநாயகி
பெயர்கூட நினைவுக்கு வர மறுத்தது.

எழுந்து போனேன்.
துறையடித் தண்ணீர் தகரம் போலக் கிடந்தது.
கையில் எப்படி வந்ததோ,
தளம் துடைக்கிற கம்பு.
குந்தி உட்கார்ந்து
ஒரு சுற்று கலக்கினேன்.
பிறகு இன்னொன்று.

மணி பன்னிரண்டு இருபது.
மேல்தளத்திலிருந்து டோபியாஷ் கத்தினான்,
எதைத் தவறவிட்டாய் என்று.